இயல்பான மூக்கு

"அன்னைக்குச் சாயங்காலம் அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னால, வீட்டுல ஏதாவது வாடை வந்துச்சாம்மா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி கனகசபாபதி.

"வந்துச்சு சார்," என்றாள் முருகம்மாள்.

சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்திருந்த காலனிச் சனம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. கேஸ் கம்பெனி இன்ஜினியர் பாலகுரு மட்டும் பார்க்கவில்லை. வேலை முடிந்தவர் மாதிரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். முருகம்மாள் அதைக் கவனித்தாள். உள்ளதைச் சொன்னதும் எதிராளி பேனாவை மூடுகிறான் என்றால், தான் சொன்னதில் தனக்கே ஒரு குழி இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

அவளுடைய இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் தீப்புண் ஆறி, புதுத்தோல் இறுகிக் கிடந்தது. விரல்கள் பாதிதான் மடங்கின. பங்குனியில் வெந்தது, இப்போது வைகாசி. வலியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது, நாலு பேர் தள்ளி உட்கார்ந்திருந்த சுப்புத்தாயின் முகம். பக்கத்து வீட்டுக்காரி. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள். அன்றைக்குத் தீ சுவருக்கு அந்தப் பக்கமும் பாய்ந்து, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சுப்புத்தாயின் மகள் ஓவியாவுக்குக் கழுத்தும் வலது கையும் வெந்துபோயின. ஏழு வயசுப் பிள்ளை. அன்றிலிருந்து சுப்புத்தாய் முருகம்மாளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த விசாரணையில் கனகசபாபதி எழுதப்போகும் காரணம்தான் முடிவு செய்யும்: பிள்ளையைச் சுட்டது குழாயா, முருகம்மாளா என்று.

இங்கே அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

விஸ்வநத்தம் தாண்டி இருக்கும் இந்தக் காலனியில் எல்லாருமே பட்டாசு வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ போகிறவர்கள். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். அப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்கு வீடு சிலிண்டரை வைப்பது ஆபத்து என்று ஒரு திட்டம் போட்டார்கள். காலனி மூலையில் கம்பி வேலி போட்ட ஒரு கொட்டகை. சிலிண்டர்கள் எல்லாம் அதற்குள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து இரும்புக் குழாய் மண்ணுக்கடியில் ஓடி ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் கேஸைக் கொண்டுபோகும். யோசனை நல்ல யோசனைதான். தண்ணீர்க் குழாய் மாதிரி, திருகினால் கேஸ்.

ஆனால் இந்த மண் கரிசல். மழை பெய்தால் மாவு மாதிரி உப்பும். கோடையில் சுருங்கி, பாதம் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வருஷா வருஷம் இப்படி உப்பிச் சுருங்கும் மண், தனக்குள் புதைந்திருக்கிற எதையும் பிடித்து இழுக்கும். அதனால்தான் கரிசலில் குழாய் போட்டால் சுற்றிலும் ஆற்று மணலைப் பரப்பி அதன்மேல்தான் போட வேண்டும். மண்ணின் இழுப்பை மணல் வாங்கிக்கொள்ளும், குழாய்க்குப் போகாது. முருகம்மாள் வீட்டுக்கும் சுப்புத்தாய் வீட்டுக்கும் அடியில் போன குழாயில் மணல் இல்லை. தோண்டிப் பார்த்தபோது, இரண்டு குழாய்கள் சேரும் மூட்டு ஒரு மயிரிழை விலகியிருந்தது.

இதைக் கம்பெனி மறுக்கவேயில்லை. அதுதான் வேடிக்கை. பாலகுரு காலையிலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

"மூட்டு விலகினது உண்மை சார். இரும்புன்னா என்னைக்காவது விலகத்தான் செய்யும். அதுக்காகத்தான் கேஸ்ல வாடை சேர்க்கிறோம்."

அதுவும் உண்மை. கேஸுக்கென்று சொந்த வாடை கிடையாது. நிறமும் கிடையாது. ஒரு அறை முழுக்க நிரம்பியிருந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. அதனால் கேஸைச் சிலிண்டரில் அடைக்கும் முன்பே கந்தகம் சேர்ந்த ஒரு திரவத்தைச் சொட்டுக் கணக்கில் கலக்கிறார்கள். கெட்டுப்போன முட்டையும் பூண்டும் சேர்ந்தது போல் நாறும். அந்த நாற்றம்தான் காவல்காரன். விதி என்ன சொல்கிறது என்றால், காற்றில் எவ்வளவு கேஸ் கலந்தால் தீப்பிடிக்குமோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு கலந்த உடனேயே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும். யாருடைய மூக்குக்கு? 'இயல்பான மோப்பம் உள்ள ஒருவருக்கு' என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

"வாடை வந்துச்சுன்னு அவங்களே சொல்லிட்டாங்க சார்," என்றார் இப்போது பாலகுரு. "வாடை வந்தா நெருப்புப் பத்த வைக்கக் கூடாது, கதவைத் திறக்கணும், எங்க ஆளுக்குச் சொல்லணும். வீடு வீடா நோட்டீஸ் குடுத்திருக்கோம். அவங்க சொல்லல. பத்த வச்சாங்க. குழாய்ல இருந்தது கோளாறு. விபத்துக்குக் காரணம் அலட்சியம்."

குழி எங்கே இருக்கிறது என்று முருகம்மாளுக்கு இப்போது தெரிந்தது. கனகசபாபதி குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"சார், எழுதாதீக," என்றாள். "வாடை வந்துச்சா இல்லையான்னுதான கேட்டீக. என்ன வாடைன்னு கேக்கவே இல்லையே."

அவர் நிமிர்ந்தார். "சரி. என்ன வாடை?"

"இவுக சட்டை வாடை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் சங்கிலிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். கூடத்தில் ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள்.

சிரிக்க ஒன்றும் இல்லை. சங்கிலிமுத்து வேலை பார்ப்பது மருந்து கலக்கிற அறையில். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். நாள் பூராவும் கந்தகம் வேர்வையோடு சேர்ந்து துணியில் ஊறினால், அது வெறும் கந்தக வாடையாக இருப்பதில்லை. கெட்டுப்போன முட்டை வாடையாக மாறிவிடும். சாயங்காலம் அவன் வந்து சட்டையைக் கழற்றி மூலையில் போட்டால் முருகம்மாள் அதை எடுத்து வெளியே கொடியில் எறிவாள். தினமும் நடப்பது. காலனியில் எல்லா வீட்டிலும் நடப்பது.

அன்றைக்கும் எறிந்தாள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். சுவரடி வெடிப்பு வழியாக வந்த கேஸ் தரையில்தான் கிடந்தது, சட்டை கிடந்த அதே மூலையில். குனிந்தாள், நாறியது. நிமிர்ந்தாள், நாற்றம் போய்விட்டது. சட்டையைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு வந்து நின்றபடி அடுப்பைத் திருகினாள். தீக்குச்சியைக் கிழித்துப் பற்ற வைத்து, உதறிக் கீழே போட்டாள். எல்லா வீட்டிலும் குச்சியை உதறிக் கீழேதான் போடுவார்கள். குச்சி தரையைத் தொடும் முன்பே தரை நீலமாக எரிந்தது.

"இதையெல்லாம் நாங்க எப்படி நம்புறது சார்?" என்றார் பாலகுரு. "சட்டை வாடையும் கேஸ் வாடையும் ஒண்ணாம். கேட்கிறவங்க சிரிப்பாங்க. நான் இன்னைக்கே நிரூபிச்சுக் காட்டுறேன்."

நிரூபிக்க அவர் ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். தையல் மெஷின் பெட்டி அளவு இருந்தது. உள்ளே சின்ன விசிறி காற்றை இழுக்கும். பக்கத்தில் ஒரு குட்டி சிலிண்டர் கேஸ் கொடுக்கும். மேலே ஒரு திருகு. பூஜ்யத்தில் வைத்தால் வெறும் காற்று. ஒன்றில் வைத்தால், விதி சொல்லும் அந்த ஐந்தில் ஒரு பங்கு. இரண்டுக்கு மேல் திருகு போகாது. போனால் பெட்டியே ஆபத்து. முன்னால் ஒரு புனல். மூக்கை அதில் வைத்து மோந்து, வாடை தெரிந்ததும் கையைத் தூக்க வேண்டும். உண்மையில் அருமையான கருவி. ஒரு மூக்கை அளப்பதற்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது.

கூடத்தின் கதவு சன்னலெல்லாம் திறந்துவிட்டு, பெட்டியை வாசலோரம் மேசையில் வைத்தார்கள். முதலில் அதிகாரியோடு மதுரையிலிருந்து வந்த டைப்பிஸ்ட் ஞானசுந்தரி வந்தாள். திருகு அரையைத் தொடும் முன்பே முகத்தைச் சுளித்துக் கையைத் தூக்கினாள். அடுத்து கனகசபாபதி. ஒன்றுக்கு வரும் முன்பே தூக்கினார்.

"பாத்தீங்களா சார்," என்றார் பாலகுரு. "இயல்பான மூக்கு. இதுதான் விதி கேக்குறது."

"எங்களையும் மோக்கச் சொல்லுங்க," என்றாள் முருகம்மாள்.

"உங்களுக்கு வாடை தெரிஞ்சாலும் தெரியலன்னுதான சொல்லுவீங்க. அதுல என்ன பரிசோதனை?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முருகம்மாள் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். கடைசி வரிசையில் கம்பெனி பேர் போட்ட நீலச் சட்டையோடு கதிரவன் நின்றிருந்தான்.

"நாங்க பொய்யி சொல்லுவோம். சரி. உங்க ஆளு சொல்ல மாட்டான்ல? கதிரவன மோக்கச் சொல்லுங்க. வாரா வாரம் குழாய்மேல நடந்து மோந்து பாக்குறதுக்குத்தான அவனுக்குச் சம்பளம்?"

கதிரவன் இந்த ஊர்ப்பிள்ளை. குழாய் போகிற வழியெல்லாம் வாரம் ஒருமுறை நடந்து, வாடை வருகிறதா என்று மோந்து பார்த்து, 'வாடை இல்லை' என்று கம்பெனிக்குச் சொல்வதுதான் அவன் வேலை. அவன் சொல்வதைக் கம்பெனி அப்படியே கனகசபாபதி வேலை பார்க்கும் அரசு அலுவலகத்துக்குச் சொல்லும். அலுவலகம் அதை வைத்து, குழாய் பத்திரமாக இருக்கிறது என்று வருஷா வருஷம் அனுமதி கொடுக்கும். நாற்பது வீட்டின் பத்திரம் கடைசியில் வந்து தொங்கியது அவன் மூக்கு நுனியில்.

"வா கதிரவா," என்றார் பாலகுரு தைரியமாக.

"ஒரு நிமிஷம்," என்று கனகசபாபதி எழுந்து வந்தார். "திருகை நான் பிடிக்கிறேன்." ஒரு அட்டையை நிறுத்தித் திருகை மறைத்துக்கொண்டார்.

கதிரவன் மூக்கைப் புனலில் வைத்தான்.

"வருது சார்," என்றான் உடனே.

அதிகாரி திருகைத் தொட்டார். "இப்ப?"

"வருது சார்."

"இப்ப?"

"வருது சார்."

"இப்ப?"

"நல்லாவே வருது சார்."

"ஏலே, உனக்கு நாய் மூக்குலே," என்று பின்னாலிருந்து சோலைச்சாமி சொன்னார். வேட்டு சுற்றியே வயசானவர். எங்கேயும் வாயை மூட மாட்டார். கூட்டம் சிரித்தது. கனகசபாபதி சிரிக்கவில்லை. அட்டையை மெதுவாக எடுத்தார்.

"முதல் தடவையும் மூணாவது தடவையும் வெறும் காத்து," என்றார்.

அப்போது எங்கேயோ கீச், கீச் என்று ஒரு சத்தம் கேட்டது. திருகு இன்னும் இரண்டில் இருந்தது. பாலகுரு இடுப்பில் மாட்டியிருந்த ஒரு சின்ன மஞ்சள் பெட்டியை அவசரமாகத் தட்டி நிறுத்தினார். பிறகு திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

கதிரவன் புனலை விட்டுப் பின்வாங்கினான். "வேலை போயிருமேன்னு சொல்லிட்டேன் சார். நாலு தடவையும் ஒரே வாடைதான் வந்துச்சு. என் கை வாடைன்னு நெனச்சேன். பன்னெண்டு வருசம் வேட்டுக்கு மருந்து அடைச்ச கை சார். சீசன்ல இன்னமும் போறேன்."

"வேலைக்குச் சேர்க்கும்போது உன் மூக்கை யாராவது சோதிச்சாங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"உள்ளூர் ஆளுன்னு சேத்தாக. வழி தெரியும்ல."

சோலைச்சாமி யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்தார். "வைய்யுங்க, நானும் பாக்கேன்." பாலகுரு வேண்டா வெறுப்பாகத் திருகை ஒன்றில் வைத்தார். சோலைச்சாமி மூக்கை வைத்து நிதானமாக இழுத்தார். "இதுவா? இதுல என்னய்யா இருக்கு. எங்க வீட்டுத் தலகாணி வாடை." அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே உருவாகிவிட்டது. ஒருத்தி, தன் மகனையும் மோக்க வைக்கலாமென்று வாசலில் தேடினாள். அவன் லீவில் வேட்டு வேலைக்குப் போவான். ஒருத்தன் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் புனலை முகர்ந்தான். யாருக்கும் வாடை தெரியாமல் இல்லை. தெரிந்தது. அதைக் கண்டு பயப்படத்தான் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டு வாடையைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

பாலகுருவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், இவங்க மூக்கு கெட்டுப்போனதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்? அது அவங்க தொழில்ல வர்றது. விதியில இயல்பான மூக்குன்னுதான் இருக்கு. விதிப்படிதான் நாங்க வாடை சேர்க்கிறோம்."

முருகம்மாள் எழுந்து நின்றாள். வெந்த கைகளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இம்புட்டு நேரம் எங்க அலட்சியம்னீக. இப்ப எங்க மூக்குன்றீக. குழாய் போட வந்தப்ப நாங்க யாருன்னு தெரியாதா? பட்டாசுக்காரக காலனி, இங்கன சிலிண்டர் ஆகாதுன்னு சொல்லித்தான குழாயவே கொண்டாந்தீக. எங்க தொழிலச் சொல்லிக் குழாயப் போட்டுட்டு, எங்க தொழில் வாடையவே காவலுக்கு வச்சிருக்கீக."

"அம்மா, நான் சொல்ல வர்றது..."

"இடுப்புல என்னமோ கத்துச்சே, அது என்ன சார்?"

பாலகுரு அதைக் கையால் மூடிக்கொண்டார். கனகசபாபதிதான் சொன்னார். "கேஸ் இருந்தா கத்துற கருவிம்மா."

"அதை எதுக்கு நீங்க மாட்டியிருக்கீக?"

"பாதுகாப்புக்கு," என்றார் பாலகுரு. "இன்ஜினியர்கள் கேஸ் இருக்கிற இடத்துக்குப் போனா மாட்டணும். விதி."

"எங்களுக்கு?"

பாலகுரு மேசைப் பெட்டியின் புனலைத் துடைக்க ஆரம்பித்தார்.

"உங்க மூக்கு நல்ல மூக்கு. ஆனா அத நம்பாம மெசின மாட்டிட்டு வந்திருக்கீக. எங்க மூக்கு கெட்ட மூக்கு. எங்கள மட்டும் மூக்க நம்பி அடுப்பு பத்த வைக்கச் சொல்றீக. இதுல அலட்சியம் யாருக்கு சார்?"

"அதெல்லாம் இருக்கட்டும்," என்று பாலகுரு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "பக்கத்து வீட்டுல என்ன நடந்துச்சு? அதே கேஸ்தான அங்கயும் போச்சு. அவங்க பத்த வைக்கலயே. பிள்ளையைப் பெத்தவங்களையே கேளுங்க சார், யாரால வந்ததுன்னு."

கனகசபாபதி சுப்புத்தாயைப் பார்த்தார். முருகம்மாள் பார்க்கவில்லை. ரெண்டு மாசமாகத் தெருவிலும் தண்ணீர்க் குழாயடியிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அந்தப் பதிலை முகத்தில் பார்த்திருக்கிறாள், காதால் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டுவிடலாம்.

சுப்புத்தாய் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எங்க வீட்டுலயும் நாறுச்சு," என்றாள்.

பாலகுரு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையமர்த்தினார்.

"எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு வேலைக்கே போகல. காய்ச்சல்னு படுத்திருந்தாரு. நாறுதேன்னு அவரு பழைய சட்டையத் தேடுனேன். கட்டிலுக்கடியில ஒண்ணு கெடந்துச்சு, எடுத்து ஊற வச்சேன். பிள்ளைய அந்தச் சுவத்தோரம் உக்காந்து எழுதச் சொன்னதும் நாந்தேன். அங்கனதான் வெளிச்சம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்த மதினி பத்த வைக்காட்டி, இன்னும் அஞ்சு நிமிசத்துல நான் பத்த வச்சிருப்பேன். ஒல வைக்க அரிசி களஞ்சு வச்சாச்சு. இத்தன நாளு அத யார்ட்டயும் சொல்லல. சொன்னா எம்மேல வந்துருமேன்னு இருந்துச்சு."

உட்கார்ந்துவிட்டாள்.

கனகசபாபதி வெகுநேரம் எழுதினார். எழுதியதை எழுந்து நின்று வாசித்தார். குழாயைச் சுற்றி மணல் போடாததால் கரிசல் மண் இழுத்து மூட்டு விலகியது. கசிவைக் கண்டுபிடிக்க வைத்திருந்த முறை இந்தக் காலனிக்குப் பொருந்தாத முறை. முருகம்மாளின் மேல் தவறில்லை. மணல் போட்டுக் குழாயைத் திரும்பப் பதித்து, காற்றடைத்து அழுத்தம் குறையவில்லை என்று காட்டி, வீட்டுக்கு வீடு தரையோரம் கத்துகிற கருவி மாட்டும் வரை கொட்டகை வால்வைப் பூட்டி வைக்க வேண்டும்.

பாலகுரு பெட்டியை மூட ஆரம்பித்தார். சனம் எழுந்தது. முருகம்மாள் எழவில்லை.

"இன்னும் ஒண்ணு எழுதணும் சார்."

"என்னம்மா?"

"கதிரவன் மூக்கக் கம்பெனி சோதிக்கல. சரி. கம்பெனிய யாரு சோதிச்சது? வருசா வருசம் நல்லாருக்குன்னு பாஸ் போட்டது யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க அலுவலகம்."

"இங்க வந்து பாத்தீகளா?"

"கம்பெனி அனுப்பினதைப் பாத்தோம்."

"அத எழுதலையே."

"அது இந்த விசாரணைக்குள்ள வராதும்மா. என் மேலதிகாரிங்க அந்த வரியை அடிச்சிருவாங்க."

"அவுக அடிச்சா அடிக்கட்டும். அவுக கை அது. நீங்க எழுதுங்க. எம்பேர எழுதக் குனிஞ்சப்ப இம்புட்டு யோசிக்கலையே சார் நீங்க."

கதவுப் பக்கம் போன சனம் நின்றுவிட்டது. ஞானசுந்தரி டைப் மெஷினை உறையில் போடாமல் காத்திருந்தாள். கனகசபாபதி திரும்ப உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். இரண்டு வரி எழுதினார்.

"சத்தமா வாசிங்க," என்றாள் சுப்புத்தாய்.

வாசித்தார். நேரில் வந்து பார்க்காமல் அனுமதி கொடுத்தது இந்த அலுவலகத்தின் தவறு என்று இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார்.

வெளியே வந்தபோது, கொட்டகையில் வால்வைப் பூட்டிச் சாவியை ஒரு ஆள் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். இனி எத்தனை நாளோ, விறகுதான். வேலிகாத்தான் முள்ளை வெட்டி அடுப்பில் வைக்கத் தன் விரல் மடங்குமா என்று முருகம்மாள் நினைத்துக்கொண்டு நடந்தாள். அவ்வளவும் சரியாகச் சொல்லிவிட்ட பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. இதைச் சொல்ல வைக்க ஒரு பிள்ளையின் கழுத்து வேக வேண்டியிருந்ததே என்று இன்னும் கூடியது.

சுப்புத்தாய் பின்னாலேயே வந்தாள். கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டாள்.

"வெயிலு பட்டா கை எரியுதா மதினி?"

"எரியத்தான் செய்யுது," என்றாள் முருகம்மாள். "ஓவியாவுக்கு?"

"அவளுக்குந்தான். ராத்திரி சொறியாம இருக்கக் கையப் புடிச்சிக்கிட்டே படுக்க வேண்டியிருக்கு."

"நாளைக்கு நான் படுத்துக்கிறேன் அவகூட. நீ ஒரு ராத்திரி தூங்கு."

சுப்புத்தாய் வெயில் படாத ஓரத்தை அவளுக்கு விட்டு நடந்தாள். இருவரும் ஒரே தெருவில் திரும்பினார்கள்.